பொதிகையில் ஆடிய காந்த ஊசி

பாறசாலையை ஒட்டி மாநில எல்லை வந்தது 1956-ல். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, இந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் தரும் மலையின் உச்சியில் சூரியனின் காந்தத்தைத் தேடி ஒரு கூடம் எழுந்தது. அந்தத் தேடலைத் தொடங்கி வைத்தவர் பாட்டெழுதிய ஓர் அரசர்.

களியக்காவிளைச் சந்தைக்கு மீன் வாங்க வருகிறவருக்கு மாநில எல்லை ஒரு சில்லறைச் சங்கதி. நாலு எட்டு வைத்தால் கேரளம், திரும்பி நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. போலீஸ்காரர்களின் தொப்பி மாறுகிறது. பஸ்ஸின் நிறம் மாறுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு மட்டும் மாற மறுக்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழர் குடிக்கத் 'தண்ணீர்' கேட்பதைவிட 'வெள்ளம்' கேட்பதே அதிகம். அந்தப் பக்கத்து டீக்கடையில் தமிழ்ப் பாட்டு ஒலிப்பதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைக் கேட்டு நடப்பதில்லை.

எல்லையைத் தாண்டினால் பாறசாலை. பிறகு உதயங்குளங்கரை, அமரவிளை. அதன் பிறகு நெய்யாற்றைக் கடந்து நெய்யாற்றின்கரை. இன்னும் சற்றுப் போனால் தறிச் சத்தத்துக்குப் பேர்போன பாலராமபுரம். அங்கிருந்து திருவனந்தபுரம் கூப்பிடு தூரம். மொத்தம் 30 கிலோமீட்டர் சுமாரான இந்தச் சாலையில் வயல், ரப்பர், வாழை, தேவாலயம், கோயில், கல்யாண மண்டபம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரரால் சொல்ல முடியாது.

சாதுவாகத் தெரியும் இந்தச் சாலைக்கு அடிதடியான சரித்திரம் உண்டு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பலா மரத்தின் எச்சத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிய இளம் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910-ல் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாளர் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை இந்த வட்டாரத்தில் பிறந்தவர். 1938 ஆகஸ்டில் பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

அடுத்த சண்டை மொழியை வைத்து வந்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் இயக்கம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. போராட்டக்காரர்கள் நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் கேட்டிருந்தார்கள். அது கிடைக்கவில்லை. பாறசாலை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிந்தது.

கோடு போட்டவர்களால் ஒன்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. மழை விட்ட காலையில் இந்த ஊர்களின் மேட்டில் நின்று வடகிழக்கே பார்த்தால் கூம்பாக ஒரு மலை நிற்கும். கேரளத்தில் அதற்கு அகஸ்தியகூடம் என்று பெயர். தமிழருக்கு அது பொதிகை. உயரம் 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் அகத்திய முனிவரின் இருப்பிடம் என்று இரு பக்கத்தாரும் கும்பிடும் மலை. கிழக்கே இறங்கும் தண்ணீர் தாமிரபரணியாகி நெல்லைக்குப் போகிறது. மேற்கே இறங்குவது நெய்யாறாகி நெய்யாற்றின்கரைக்கு வருகிறது.

1850-களில் இந்த மலை உச்சிக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஊசிகளைச் சுமந்து ஏற ஏற்பாடு செய்தார். அவர் பெயர் ஜான் ஆலன் புரூன். அவர் தேடியது முனிவரை அல்ல, மூலிகையையும் அல்ல. பூமியின் காந்தத்தைச் சூரியன் எப்படி ஆட்டிவைக்கிறது என்பதே அவருடைய கேள்வி.

பாட்டும் தொலைநோக்கியும்

புரூனுக்கு முன்னால் சுவாதித் திருநாளைச் சொல்ல வேண்டும். 1813-ல் பிறந்து 33 வயதில் மறைந்த திருவிதாங்கூர் அரசர். கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு அவர் வாக்கேயக்காரர். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று பல மொழிகளில் பாடல் எழுதியவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இந்த வடிவேலு. அவருக்கு அரசர் 1834-ல் தந்த வயலின் தந்தத்தால் ஆனது.

அந்த வயலின் பரிசு கொடுத்து மூன்றே ஆண்டுகளில், அதே அரசர் தலைநகரின் ஒரு குன்றின் மேல் வான் ஆய்வுக்கூடம் திறந்தார். ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் பொழுதுபோக்காக நட்சத்திரம் பார்த்து வந்தவர். அரசருக்கும் அந்த ஆர்வம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 1837-ல் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடமாயின. கருவிகள் கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வந்தன.

கணக்கும் பாட்டும் ஒரே மண்டையில் குடியிருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு சுவாதித் திருநாள் ஒரு பதில். ராக ஆலாபனைக்கும் வான் கணக்குக்கும் பொதுவானது ஒன்றுண்டு: திரும்பத் திரும்ப வருவதைக் காது கொடுத்துக் கேட்பது. எது எத்தனை அட்சரத்துக்கு ஒரு முறை வருகிறது என்று தெரிந்தால்தான் தாளம் பிடிபடும். சூரியனின் காந்தமும் அப்படித்தான் பிடிபட்டது.

உலகம் முழுக்கப் பூமியின் காந்தத்தை ஒரே நேரத்தில் அளக்கும் முயற்சி அப்போது ஐரோப்பாவில் சூடு பிடித்திருந்தது. திருவனந்தபுரமும் 1841-ல் அந்த வலைப்பின்னலில் சேர்ந்தது. காந்தத்தைப் பொறுத்தவரை அது சாதாரண ஊர் அல்ல. பூமிக்கு நடுவே நிலநடுக்கோடு ஓடுவதுபோல, காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் கோட்டின் மேல், தாராளமாகத் தொங்கவிட்ட காந்த ஊசி எந்தப் பக்கமும் தலை சாய்க்காமல் படுக்கைவாட்டில் நிற்கும். தென்கோடி இந்தியா அந்தக் கோட்டின் பக்கத்தில் இருக்கிறது.

கால்டிகாட் 1849-ல் இறந்தார். அவருடைய இடத்துக்கு 1852-ல் வந்தார் புரூன். 1817-ல் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர். ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் காந்த ஆய்வுக்கூடத்தை ஏழாண்டுகள் நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. வந்தபோது வயது 35-ஐ எட்டவில்லை. காந்தம் அளப்பதோடு அவர் நிற்கவும் இல்லை. இன்று திருவனந்தபுரம் போகிறவர்கள் பார்க்காமல் திரும்பாத அருங்காட்சியகத்தைத் தொடங்கி நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1857-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஊசி சொன்ன சேதி

வேலை பார்க்க எளிமையானது, செய்யக் கொடுமையானது. பட்டு இழையில் ஒரு காந்தச் சட்டத்தைத் தொங்கவிட வேண்டும். காற்று படாமல் மூட வேண்டும். பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. தள்ளி நின்று சிறு தொலைநோக்கி வழியே அதன் அசைவை அளவுகோலில் படிக்க வேண்டும். மணிக்கு ஒரு முறை. பகலிலும் இரவிலும். மழையிலும், திருவிழா அன்றும். படித்ததை ஏட்டில் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே ஊசி அசையும். ஒரு டிகிரியில் சிறு பின்னம். அந்தப் பின்னத்தில்தான் சேதி இருக்கிறது.

திருவனந்தபுரத்து ஊசி ஒரு வேடிக்கை காட்டியது. வட கோளத்தில் ஊசி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து மதியத்தில் மறுபக்கம் போகும். தென் கோளத்தில் இது தலைகீழ். நடுவில் இருந்த இந்த ஊசியோ வருடத்தின் ஒரு பாதியில் வடக்கத்தியாரைப் போலவும், மறுபாதியில் தெற்கத்தியாரைப் போலவும் நடந்துகொண்டது. சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் ஒரு குணம், தெற்கே போனதும் வேறு குணம். பாறசாலைக்காரர்களுக்கு இது புரியும். எல்லையில் இருப்பவர் இரண்டு பக்கத்துப் பழக்கத்தையும் வைத்துக்கொள்வார்.

இந்த ஆட்டம் தரையிலிருந்து வருகிறதா, மேலேயிருந்து வருகிறதா? அதை அறிய உயரமான ஓர் இடத்தில், கீழே அளக்கும் அதே நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். கண்ணெதிரே அகஸ்திய மலை நின்றது. 1855-ல் உச்சியில் ஒரு கூடம் எழுந்தது. ஆறாயிரம் அடிக்கு மேல் கருவிகளையும் மரத்தையும் சாப்பாட்டையும் மனிதர்கள் தலைச்சுமையாகத்தான் கொண்டு போக வேண்டும். இன்றைக்கும் போணக்காட்டிலிருந்து அனுமதிச் சீட்டோடு மலையேறுகிறவர்கள் அட்டைக்கடியைப் பற்றியும், முகத்தில் அறையும் காற்றைப் பற்றியும்தான் முதலில் பேசுவார்கள். சாலை இல்லாத காலத்தில், தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் பாறையில் உட்கார்ந்து மணிக்கணக்கு தவறாமல் ஊசியைப் படிப்பது என்றால் என்ன என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஏடுகள் குவிந்தன. புரூன் அவற்றைத் தொலைதூர ஊர்களின் ஏடுகளோடு ஒப்பிட்டார். இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, பூமியின் காந்த வலிமை நாளுக்கு நாள் கூடுவதும் குறைவதும் ஒரு ஊர் விவகாரம் அல்ல. ஸ்காட்லாந்தில் குறைந்த நாளில் திருவனந்தபுரத்திலும் குறைந்தது. மொத்தப் பூமியும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. இரண்டு, இந்தச் சிணுங்கல் ஏறக்குறைய 26 நாட்களுக்கு ஒரு முறை திரும்பி வந்தது.

பூமியிலிருந்து பார்க்க, சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள ஆகும் காலம் சுமார் 27 நாட்கள். கணக்கு கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது. நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே உள்ள விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். விளக்கு சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி ஒரு முறை படகின் மேல் விழுகிறது. அதேபோல், சூரியனின் ஏதோ ஒரு பகுதியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, சூரியன் சுற்றச் சுற்றப் பூமியின் மேல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. 1876-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியான கட்டுரையில் புரூன், பூமியின் காந்த மாற்றங்களைச் சூரியனின் சுழற்சியோடு இணைத்தார். 1878-ல் அந்தச் சங்கம் அவருக்கு ராயல் பதக்கம் தந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. 1892-ல்கூட லார்ட் கெல்வின், சூரியன் நேரடியாகப் பூமியில் காந்தப் புயலை எழுப்புகிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பதில் தவணை முறையில் வந்தது. 1908-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப் புள்ளிகளில் வலிய காந்தப் புலம் இருப்பதை நிறமாலையை வைத்துக் காட்டினார். 1909-ல் நம் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகப் பாடப் புத்தகங்களில் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1970-களில் ஸ்கைலாப் விண்கலத்தின் படங்கள், சூரியனின் வெளி மண்டலத்தில் காந்தக் கோடுகள் திறந்து கிடக்கும் 'துளை'களைக் காட்டின. அவற்றின் வழியே மின்னூட்டமுள்ள துகள்கள் வேகமாகப் பாய்கின்றன. சூரியனோடு அந்தத் துளையும் சுற்றி வருவதால் சுமார் 27 நாட்களில் பாய்ச்சல் திரும்புகிறது. திருவனந்தபுரத்து ஊசி உணர்ந்த தாளத்துக்கு நூறாண்டு கழித்து விளக்கம் கிடைத்தது.

இது பழைய ஏட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 2024 மே 10 அன்று வீசிய காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அந்தப் புயலை அனுப்பிய சூரியப் புள்ளிக் கூட்டம் சூரியனின் முதுகுப் பக்கம் போய், மே மாதக் கடைசியில் மறுபடி தலைகாட்டியது. மின் கட்டமைப்பு, செயற்கைக்கோள், விமானத் தகவல் தொடர்பு ஆகியவற்றைக் கவனிப்பவர்களுக்கு, 'போனது எப்போது திரும்பி வரும்' என்பது இப்போது அன்றாடக் கவலை.

நகரும் கோடு, நகராத கோடு

காந்த நடுக்கோட்டின் அருமை ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடியும் திருவனந்தபுரத்தைத் தேடி வந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. சூரிய ஒளிதான் அதற்கு ஆதாரம். அதை ஆராய ராக்கெட் அனுப்ப வேண்டும் என்றபோது, கோட்டுக்கு அருகில் கடற்கரையோடு கிடைத்த இடம் தும்பா என்ற மீனவ கிராமம். ஊர் மக்கள் தங்கள் மகதலேனா மாதா கோயிலையும் விட்டுக் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளித் திட்டம் தென்கோடியில் பிறந்ததற்குக் காரணம் அரசியல் அல்ல. ஒரு காந்தக் கோடு.

அந்தக் கோடு நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் வயிற்றில் கொதிக்கும் இரும்புக் குழம்பின் ஓட்டம் மாற மாற, அதுவும் பல்லாண்டுகளில் மெல்ல நகர்கிறது. எந்த வருவாய்த் துறையையும் கேட்பதில்லை, எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்பதில்லை. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அந்த மின்னோட்டத்தை ஆராயும் கூடத்தை நெல்லை அருகே வைத்திருக்கிறது. பொதிகையின் மேற்கே தொடங்கிய வேலையில் கிழக்குப் பக்கமும் பங்கு வாங்கிக்கொண்டது.

மனிதர் போட்ட கோடு அப்படி இளகுவதில்லை. பொதிகையின் தண்ணீரைக் கேட்டால் தெரியும். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவின் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டியது. 2004-ல் தண்ணீர் நின்றது. 2012-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒரே அரசரின் கீழ் ஒரே ஆற்றைக் குடித்த இரண்டு தாலுகாக்கள் இன்று வழக்கு எண்களால் பேசிக்கொள்கின்றன.

வருடத்துக்கு ஒரு முறை மட்டும் கோடு வழி விடுகிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி கிளம்புவாள். கம்பர் வழிபட்டது என்று ஐதீகம் சொல்லும் சிலை அது. வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருவார்கள். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. களியக்காவிளையில் தமிழகப் போலீஸ் மரியாதை செய்து வழியனுப்ப, கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். பாறசாலையில் வீட்டு வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியதால் ஏற்பட்ட பயணம் இது. 1956-க்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணமாகிவிட்டது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்தின் கையில். இந்த ஒரு ஏற்பாட்டில் இரு அரசுகளும் அமைதியாக ஒத்துப்போகின்றன.

சரசுவதி போய்ச் சேர்வது திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபம். ஒன்பது இரவும் அங்கே சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். வான் ஆய்வுக்கூடம் கட்டிய அதே அரசரின் பாடல்கள். மேடையில் அமர்ந்து அவற்றைப் பாடும் உரிமை தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கே இருந்தது. கலைமகளின் சந்நிதியில் பெண் குரலுக்கு இடமில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் பாறசாலைக்காரர். பாறசாலை பி. பொன்னம்மாள் 1924-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்தின் முதல் மாணவி. அதன் முதல்வராக இருந்தவர் நெல்லைச் சீமையிலிருந்து போன அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். படித்த இடத்திலேயே முதல் ஆசிரியையாகவும் ஆனார். 2006-ல் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற பெருமை வந்தபோது அவருக்கு 80 வயது கடந்திருந்தது. ஆர்ப்பாட்டமில்லாமல் பாடிவிட்டு எழுந்தார். 2017-ல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில் 96-வது வயதில் மறைந்தார். எல்லைக் கிராமத்தின் பெயரைக் கச்சேரி மேடைகளுக்குச் சுமந்து சென்றவர் அவர். நெய்யாற்றின்கரையின் பெயரைச் சுமந்தவர் பாடகர் வாசுதேவன் (1940-2008).

மலை திறக்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அகஸ்தியகூட உச்சிக்குப் பெண்கள் ஏறத் தடை இருந்தது. மலையில் வாழும் காணி மக்களுக்கு அதில் நம்பிக்கை சார்ந்த ஆட்சேபம் உண்டு. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் பெண்களும் பதிவு செய்து ஏறத் தொடங்கினர்.

செங்கோட்டை முதல் சூரியன் வரை

2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியபோது, அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. ஊர் செங்கோட்டை. 1956-ல் திருவிதாங்கூரிலிருந்து தமிழகத்துக்கு வந்த அதே செங்கோட்டை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நின்றுகொண்டு அந்தக் கலம் சூரியனைக் கண் இமைக்காமல் பார்க்கிறது. அதில் உள்ள கருவிகளில் ஒன்று காந்தமானி. புரூனின் ஊசியின் கொள்ளுப்பேத்தி என்று சொல்லலாம். சூரியத் துகள்களை அளக்கும் இன்னொரு கருவி திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் கூடத்தில் உருவானது. அந்த மையம் தும்பாவிலேயே இருக்கிறது.

கலத்தை அதன் இடத்துக்கு நகர்த்திய திரவ இயந்திரம் திருவனந்தபுரம் மாவட்டத்து வலியமலை மையத்தின் கைவண்ணம். அத்தகைய இயந்திரங்களைப் பரிசோதிக்கும் தளம் மலைக்கு இந்தப் பக்கம், நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில். இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2025 ஜனவரியில் தலைவரான வி. நாராயணனும் அதே மாவட்டம். அதற்கு முன் வலியமலை மையத்தை நடத்தியவர். இருவரும் 1956-ல் கைமாறிய தாலுகாக்களில் பிறந்து, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவர்கள். தினமும் காலையில் பாறசாலை வழியாகப் போகும் ரயிலிலும் பஸ்ஸிலும் அவர்களைப் போல் எத்தனையோ பேர். எல்லையின் இந்தப் பக்கத்துப் படிப்பும் அந்தப் பக்கத்து வேலையும் இணைந்தே இந்த வட்டாரம் விஞ்ஞானிகளைத் தருகிறது. தண்ணீரில் காட்ட முடியாத தாராளத்தை இரு மாநிலங்களும் மூளை விஷயத்தில் தெரிந்தோ தெரியாமலோ காட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பழைய ஆய்வுக்கூடம் இன்றும் திருவனந்தபுரத்துக் குன்றின் மேல் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நிற்கிறது. பொதிகை உச்சியிலோ முனிவரின் சிலையும் காற்றும்தான் மிச்சம்.

புரூன் 1874-ல் லண்டனில் வெளியிட்ட பெரிய நூலின் தலைப்பில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலும் அகஸ்திய மலையிலும் எடுத்த காந்த அளவுகள், 1852 முதல் 1869 வரை என்கிறது தலைப்பு. புரூன் திருவிதாங்கூரை விட்டுப் போனது 1865-ல். மீதி நான்காண்டுகள் அவர் அங்கே இல்லை. மணிக்கு மணி எழுந்து, விளக்கேற்றி, தொலைநோக்கியில் கண் வைத்து, ஊசி நின்ற இடத்தை எழுதியவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். பதக்கம் அவர்களைத் தேடி வரவில்லை. அவர்கள் வீட்டில் பேசியது தமிழா மலையாளமா என்று கேட்க அப்போது அவசியமும் இருக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்த எண்களுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அந்த எண்களில்தான் சூரியனின் 26 நாள் தாளம் பதிந்து கிடந்தது.